சித்தி ஏறாத ஜோங்கா

பூதலூர் சித்தப்பா மிலிட்டரியில் டிரைவராக இருந்தவர். ரிடையராகிப் பல வருஷம் கழித்து, போன வருஷம் ஒரு பழைய ஜோங்காவை எங்கிருந்தோ பிடித்து வந்து வாசலில் நிறுத்தினார். சித்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்கு வைக்கோல் போட்டா போதுமா?"

ஜோங்கா தெரியாதவர்களுக்கு: ஜப்பான் நிஸான் கம்பெனியின் மாடலை வைத்து ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்த வண்டி. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின். (மைலேஜ் கேட்காதீர்கள். சித்தி கேட்டிருந்தால் வண்டி அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும்!)

2019-ல் தோனி ராஞ்சியில் ஜோங்கா ஓட்டிய படத்தை சித்தப்பா பத்திரமாக வைத்திருக்கிறார். அதைக் காட்டி, "இன்னும் ஆறு அங்குலம் தூக்கணும் பாய். வரப்பு அடியில இடிக்குது" என்றார்.

மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இடிக்கிறது பாடி இல்லண்ணே, ஆக்ஸில் நடுவுல தொங்குற டிபரன்ஷியல். ஸ்பிரிங் பட்டையைத் தூக்கினா பாடிதான் மேல போகும், ஆக்ஸில் இருந்த எடத்துலயே இருக்கும். அது ஏறணும்னா டயர் பெருசாகணும். அதுலயும் டயர் உயரம் ரெண்டு அங்குலம் கூடினா, கெடைக்கிறது ஒண்ணுதான்."

சித்தப்பா கேட்பாரா? வேறு பட்டறைக்குப் போய் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பட்டை கூட்டி, நீள சாக்கிளும் போட்டுவிட்டார். வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் சுமைக்குச் செய்த பட்டையை இன்னும் விறைப்பாக்கி, நாங்கள் ரெண்டே பேர் போனால் என்ன ஆகும்? பல் டாக்டர் செலவுதான். புரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு மாறி அடியில் ஒரு முனகல். பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது.

ஆடி மாசம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் முட்டப் போகிறது. கரையில் எதிரே டிராக்டர் வர, சித்தப்பா ஒதுங்கினார். வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது பாருங்கள்... உயரம் கூடக் கூட, கவிழ அதிகச் சாய்வு வேண்டியதில்லை என்பதை அங்கே உட்கார்ந்து படித்தேன். வீடு வரும்வரை ரெண்டு பேரும் பேசவில்லை.

அப்போதும் அவர் மனசு மாறவில்லை. சட்டப்படியும் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது என்றேன். "கோர்ட்டு வரப்புல வண்டி ஓட்டுச்சா?" என்றார்.

மாற்றியது சித்தியின் முழங்கால். தஞ்சாவூர் டாக்டரிடம் போகக் கிளம்பி, மூணு தடவை ஏறப் பார்த்தாள். "நான் பஸ்லயே போறேங்க" என்று நடந்துவிட்டாள். தஞ்சாவூர் வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஜோங்காவை ஓட்டிக்கொண்டு போனார் சித்தப்பா!

மறுநாள் பாய் கடை. கூட்டின பட்டையெல்லாம் கழன்றது. பழைய பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, சாக்கிளுக்குப் புது புஷ் போட்டார் பாய். துருப்பிடித்த பட்டை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இறுகினாலே பாதிக் குலுக்கல் வந்துவிடுமாம்.

"கீழ ஒரு படி வெல்டு பண்ணிடலாம்ணே. எத்தனை உயரம்?"

சித்தப்பா வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்தார். "எங்கே, வலிக்காம எவ்வளவு தூக்குவே, காலைத் தூக்கு."

பதினோரு அங்குலம். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்ப ஓடினார்.