ஓடாத டி.வி.டி.: பொறுப்பு யாருடையது?

ஊரில் நடந்த கல்யாணம், காதணி விழா, பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தி ஆகியவற்றை டி.வி.டி.யில் பதிந்து மும்பைக்குக் கொண்டுவந்த குடும்பங்கள் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் ஏராளம். 2000-க்குப் பின் பல ஆண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. அந்தத் தகடுகளில் பல, கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. பிளேயரில் போட்டால் மட்டும் ஓட மறுக்கின்றன. பிளேயர் பழுது என்று எண்ணிப் புதிது வாங்கியவர்களும் உண்டு. தகட்டைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. இரண்டுமே வீண் நஷ்டம்.

கடையில் வாங்கிய சினிமா டி.வி.டி. அதே பிளேயரில் ஓடுமானால், குறை பெரும்பாலும் பதிந்த முறையில்தான் இருக்கும். பதிவு முடிந்ததும் தகட்டை 'பைனலைஸ்' செய்யவேண்டும். கணக்கை எழுதி முடித்துக் கோடு போட்டு மூடுவது போன்றது இது. அதைச் செய்யாவிட்டால், பதிந்த கருவி படிக்கும். மற்ற பிளேயர்கள் வெறும் தகடென்றே கருதிவிடும். இரண்டாவது, கம்ப்யூட்டரில் உள்ள படத்தை அப்படியே தகட்டில் நகல் எடுத்தால் போதாது. எம்பெக்-2 முறைக்கு மாற்றி, டி.வி.டி. வீடியோவுக்கு உரிய அமைப்பில் பதியவேண்டும். மூன்றாவது, நம் நாட்டின் பழைய டி.வி.க்கள் வினாடிக்கு 25 படங்கள் கொண்ட பால் முறையில் அமைந்தவை. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் பதிந்தால் சில டி.வி.க்களில் நிறம் மறையும், படம் உருளும். மலிவுத் தகட்டில் மித மிஞ்சிய வேகத்தில் பதிவதும், மேலே காகித லேபிள் ஒட்டுவதும் கூடக் கெடுதலே.

"எங்கள் கம்ப்யூட்டரில் ஓடியதே!" என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வதுண்டு. ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியிடம் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? வாடிக்கையாளரின் வீட்டில் ஓடினால்தான் வேலை முடிந்ததாகும். சாதாரண பிளேயர் ஒன்றில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பது சலுகையல்ல, தொழிலின் கடமை. இப்போது பென் டிரைவில் கொடுக்கிறார்கள், அதிலும் டி.வி. படிக்க முடியாத முறையில் படம் இருப்பதுண்டு. ஆகவே, மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் டி.வி.யில் ஓட்டிக் காட்டச் சொல்வதே புத்திசாலித்தனம்.

பழைய தகடுகளைப் பொறுத்தவரை தாமதம் ஆகாது. இவற்றில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் பூச்சில். தகரக் கூரையின் வெப்பமும் வெயிலும் அதை நாளடைவில் கெடுத்துவிடும். புதிய லேப்டாப் பலவற்றில் டி.வி.டி. டிரைவே இல்லை. ஆனால், வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைக்கிறது. நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு பெரிதல்ல. மெல்லிய துணியால் தகட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துடைத்து, கம்ப்யூட்டரில் நகலெடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தவேண்டும். பைனலைஸ் செய்யாத தகடானால், பதிந்த கருவி கிடைக்கும்போதே அதில் போட்டு முடித்துவிடுவது நல்லது.

மறைந்த தாய் தந்தையின் குரல் அந்தத் தகட்டில் மட்டுமே இருக்கக்கூடும். ஸ்டூடியோவில் மூலப் பதிவு இன்னும் இருக்கும் என்று நம்பியிருப்பதற்கில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை இந்த வேலைக்கு ஒதுக்குவது நல்லது.