கண்ணளவு மருந்து

திண்டுக்கல் வட்டாரத்து ஆளுக்கு அளவைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகையைக் கிராம் சுத்தமாக நிறுப்பார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டைக்கு ஒரு கிலோ குறைந்தால் சண்டையே வந்துவிடும். பூட்டுப் பட்டறையில் அரத்தை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டால் சாவி திரும்பாது. அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட மாவட்டத்தில், அளக்காமலே புழங்குகிற சரக்கு ஒன்று உண்டு. துப்பாக்கி மருந்து!

சிறுமலை, நத்தம், அய்யலூர், கன்னிவாடி என்று காடு வந்து தோட்டத்தைத் தொடுகிற ஊர்களில், நாட்டுத் துப்பாக்கி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். அதற்குத் தோட்டா கிடையாது. கருமருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ரவை இல்லாவிட்டால் சைக்கிள் பால்ரஸ். மருந்து எவ்வளவு என்று கேட்டால், ‘எல்லாம் கண்ணளவுதான் சார்’ என்பார்கள். முயலுக்குக் கொஞ்சம், பன்றிக்குக் கூடக் கொஞ்சம். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி.

சாம்பாரில் பெருங்காயம் கூடினால் ருசி கெடும். குழலில் மருந்து கூடினால் விரல் போகும், கண் போகும். அந்தக் குழல் எந்தப் பட்டறையில், எந்த இரும்பில் செய்தது என்று சுடுகிறவருக்கே தெரியாது. தொழிற்சாலைத் துப்பாக்கியை, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்குகிறது என்று முத்திரை குத்திய பிறகுதான் விற்பார்கள். லண்டனில் இந்த முத்திரை வேலை 17-ம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. நம் நாட்டுத் துப்பாக்கிக்குச் சோதனைக்கூடம் எது? சுடுகிறவர் முகம்தான்.

அமெரிக்காவில் இதே மருந்து போடுகிற வேலையை ஒரு தவம் மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தொலைதூரம் சுடுகிற புது வேட்டை ரைஃபிள் ஒன்று வாங்கினால், அவர்களுக்குக் கடைத் தோட்டா போதாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து, சுத்தம் செய்து, நீளம் அளந்து, தங்கள் கையாலேயே மருந்து நிரப்பிக்கொள்வார்கள். எடை போடுவது கிரெய்ன் கணக்கில். 7,000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அந்தக் கிரெய்னிலும் பத்தில் ஒரு பங்கு வரை தராசில் பார்ப்பார்கள். கையேட்டில் போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்ட மாட்டார்கள். ஒவ்வொரு அளவிலும் சில தோட்டாக்களைச் சுட்டு, குண்டின் வேகத்தைக் கருவியில் பார்த்து, அட்டையில் விழுந்த ஓட்டைகளின் இடைவெளியை அளந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார்கள். அந்த ரைஃபிளுக்குப் பொருத்தமான தோட்டா தேறுவதற்கு வாரக்கணக்கில்கூட ஆகும்.

நான் பி.காம். படித்தவன். அந்த நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்குத் துப்பாக்கி மறந்துவிட்டது, லெட்ஜர்தான் ஞாபகம் வந்தது. தேதி, எடை, தூரம், விளைவு. எழுதாமல் ஒரு குண்டு வெளியே போகாது.

உடனே, ‘வீட்டுக்கு வீடு ரைஃபிள் கொடுக்கச் சொல்கிறான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கி நுழைந்த கதை உலகத்துக்கே தெரியும். நான் சொல்வது இவ்வளவுதான். பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவன் மருந்தை நகைக்கடைக்காரர் மாதிரி நிறுக்கிறான். பயிருக்காகச் சுடுகிற நம்ம ஆள், டார்ச் வெளிச்சத்தில் உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார்.

ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டுப்பன்றி மீது ரவை சுடுவது அங்கே தடை. குண்டு குறைந்தது 6.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 100 மீட்டர் தூரத்தில் அதற்கு 2,000 ஜூல் சக்தியாவது இருக்க வேண்டும். பன்றி ஒரே அடியில் விழ வேண்டும், அரைகுறைக் காயத்தோடு ஓடக் கூடாது என்பதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு. பன்றி பயிரை அழித்தால் அதற்கும் சட்டப்படி நஷ்டஈடு. பெரும்பாலும் அதைக் கொடுக்க வேண்டியவர், அந்த நிலத்தில் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். சுடுகிற உரிமை உனக்கு என்றால், பன்றி தின்ற பில்லும் உனக்கு!

நம் ஊர்க் கணக்கு எப்படி இருக்கிறது?

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். 13-வது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல்வாயில் மருந்து போடுகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 13 வருஷம் கழித்து, 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயிரைத் தின்ன வருகிற பன்றியைச் சுட வேண்டுமென்றால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலம் உத்தரவு போட வேண்டும். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றியபோதும் காட்டுப்பன்றி பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது, இரண்டாவது அட்டவணையில்.

ஒரு இலாகா துப்பாக்கி கொடுக்கிறது. இன்னொரு இலாகா சுடாதே என்கிறது. தேர்தல் அறிவித்துவிட்டால் அந்த லைசென்ஸ் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். தேர்தல் நடத்தை விதிகளைப் பன்றிக்கு யார் போய்ச் சொல்வது?

அதே வனவிலங்குச் சட்டத்தின் 39-வது பிரிவைப் படித்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட, அல்லது செத்துக் கிடக்கிற காட்டு விலங்கு மாநில அரசின் சொத்து. உயிரோடு நின்று மக்காச்சோளத்தைத் தின்னும்போது அது இயற்கை. செத்து விழுந்தால் அரசாங்கச் சொத்து! எந்த ஆடிட்டர் இந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுவார்? சொத்து உன்னுடையது என்றால், அது வரப்பைத் தாண்டி வந்து வைத்த செலவும் உன்னுடையதுதானே?

‘நஷ்டஈடுதான் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. மனு, போட்டோ, சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ., வேளாண்மைத் துறை, வனத்துறை என்று வரிசையாக இருக்கிறது. நத்தம் பக்கம் கடலைக் காட்டு ஓரத்தில் ஒரு பெரியவர் இதை இரண்டே வரியில் சொன்னார். “தம்பி, பன்னி ஒரு ராத்திரியில வேலைய முடிச்சிட்டுப் போயிருது. ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போறதுக்குள்ள அடுத்த வெள்ளாமையே வந்துருதுல்ல?”

அந்த இடைவெளியில்தான் கண்ணளவு மருந்து நுழைகிறது.

நுழைந்து என்ன செய்கிறது? ரவை பட்ட பன்றி அங்கேயே சாவதில்லை. காட்டுக்குள் ஓடி, சீழ் பிடித்து, நாலு நாள் கழித்துச் சாகிறது. அல்லது மறுநாள் காலையில் விறகுக்குப் போகிற பெண் மீது வெறியோடு பாய்கிறது. சில ராத்திரிகளில் சோளத்தட்டைக்குள் அசைந்தது பன்றியாக இல்லாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரராக இருந்துவிடுகிறது. ‘பன்றி என நினைத்து’ என்று தொடங்குகிற அந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். துப்பாக்கி இல்லாதவர்களின் கையில் அவுட்டுக்காய். கடித்தால் வெடிக்கும். கடிப்பது பன்றியா, பக்கத்து வீட்டு மாடா, நாயா என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாதம் பாலக்காட்டில், வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்துப்போன கர்ப்பிணி யானைக்காக நாடே அழுதது. அழுது முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனது.

இவ்வளவு தூரம் விவசாயிக்காகப் பேசியாச்சு. இனி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறவரைக் கொஞ்சம் முன்னால் வரச் சொல்வோம்.

‘கறி இருக்கு, வேணுமா?’ என்று டவுனுக்கு ஒரு போன் வரும். ராத்திரி ஹெட்லைட் கட்டிக்கொண்டு போனவர்கள் அடித்த காட்டுக் கறி. பிடிபட்டால் ஒரே வசனம்தான்: ‘பயிரைக் காப்பாத்தத்தான் சார்!’ பயிர் எங்கே? பட்டா யார் பேரில்? விசாரித்தால் ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. ஊருக்குள்ளே இவருக்கு ‘வேட்டைக்காரர்’ என்று பட்டம் வேறு. வாங்கித் தின்ற டவுன்காரரின் பெயர் எஃப்.ஐ.ஆரில் வந்து பார்த்திருக்கிறீர்களா? 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்கிறவருக்குக் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள் என்று ஆக்கிவிட்டார்கள். உள்ளே போகிறவர் பட்டறைக்காரர். வெளியே இருந்து ஏப்பம் விடுகிறவர் கஸ்டமர்.

நகரத்து விலங்கு நேசர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்றிக்காக நீங்கள் பேசுவது நியாயம், பேசுங்கள். ஆனால், அந்தப் பன்றியின் சாப்பாட்டுச் செலவை இரண்டு ஏக்கர்காரர் தலையில் கட்டிவிட்டு, கருணை மட்டும் உங்களுடையது என்றால் எப்படி?

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கேரளா 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். நல்ல ஆரம்பம்தான். ஆனால், அடிவாரத்துக்காரரின் நிலம் எங்கே இருக்கிறது? அந்த முதல் கிலோமீட்டரில்! பன்றி முதலில் கால் வைக்கிற தோட்டத்துக்காரரைப் பார்த்துத்தான் ‘நீ பொறுத்துக்கொள்’ என்கிறோம்.

வெடிமருந்து திண்டுக்கல்லுக்குப் புதுசு இல்லை. 1755 வாக்கில் இங்கே பவுஜ்தாராக இருந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்கார நிபுணர்களை வைத்து ஆயுதச்சாலையே நடத்தினார். மருந்து, தெரிந்தவன் கையில் இருக்க வேண்டிய சரக்கு என்பது ஒரு பவுஜ்தாருக்குச் சுமார் 270 வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்திருக்கிறது. இன்றைய ஆபீஸ்களுக்குப் புரிய எவ்வளவு நாள் ஆகும்?

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, சுடுவது சம்பள வேலையாகட்டும். பயிற்சி பெற்ற ஆள், முத்திரை குத்திய ரைஃபிள், ஃபேக்டரி தோட்டா. எடுத்தது எத்தனை, சுட்டது எத்தனை, விழுந்தது எத்தனை, மீதி எத்தனை என்று ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதி, கிராம சபையில் சத்தமாகப் படிக்கட்டும்.

இரண்டு, எங்கே சுடக் கூடாது என்கிறார்களோ, அங்கே பணம் முதலில் போகட்டும். அடுத்த விதைப்புக்கு முன்னால் போகாத நஷ்டஈடு, நஷ்டஈடே இல்லை.

மூன்று, நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்க ஒரு தேதி குறிக்கட்டும். கொடுத்தவர் மீது கேஸ் கிடையாது. தேதி தாண்டினால் சுட்டவர், விற்றவர், வாங்கித் தின்றவர் மூவர் மீதும் கேஸ்.

‘இதற்கெல்லாம் பணம் எங்கே?’ என்று ஒரு குரல் கேட்கிறது. ஐயா, இப்போதும் செலவு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. கடலையாக, சோளமாக, விரலாக, சில நேரம் உயிராக. அது கஜானாவிலிருந்து போகவில்லை என்பதால் உங்கள் நோட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த தடவை போகிறவர்கள் நீளமாகப் பேச வேண்டாம். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த மாசம் எத்தனை தோட்டா சுட்டீங்க, எத்தனை செக் கொடுத்தீங்க?”

‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் வந்தால் உட்காராதீர்கள். நம்பர் வரட்டும்.