தலையாட்டினோம் ஸார்!

2020 ஆகஸ்ட். ராத்திரி ஒன்பதரை மணி. கொரோனா ஊரடங்கில் மதுராந்தகத்தில் அந்த நேரத்துக்குத் தெரு நாய்கூடத் தூங்கிவிடும். கதவை யாரோ தட்டினார்கள்.

திறந்தால்... என் பி.காம். வாத்தியார்! முகத்தில் மாஸ்க், கையில் மஞ்சள் பை.

“ஒண்ணுமில்லப்பா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்...”

சும்மா வருகிற பக்கமா எங்கள் சந்து? பைக்குள் எட்டிப் பார்த்தேன். புது லேப்டாப். பிறந்த குழந்தை மாதிரி டர்க்கி டவலில் சுற்றி வைத்திருந்தார்.

ஸாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ஸ்கேல் இல்லாமல், கரும்பலகையில் பற்றுக்கும் வரவுக்கும் நடுவே கோடு போடுவார். கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கலாம், அப்படி நேராக இருக்கும். (எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள். டிகிரி சர்டிஃபிகேட்டை நான் இன்னும் வாங்கவில்லை.)

“போன வாரம் ஆன்லைன் க்ளாஸ்ல முக்கால் மணி நேரம் பேசினேன்ப்பா. கடைசியில பார்த்தா ஒரு பையன், ‘ஸார், சத்தமே வரலை’ன்னு முதல்லேயே எழுதியிருக்கான். காலேஜ்ல ரெண்டு நாள் ட்ரெய்னிங் கொடுத்தாங்க. ஒருத்தர் ஸ்க்ரீன்ல மளமளன்னு மாத்தி மாத்திக் காட்டினார். எனக்கு சர்டிஃபிகேட்கூட வந்துடுச்சு. வேலைதான் வரலை.”

“கூட வேலை பார்க்கற சின்ன வயசுக்காரங்க யாரையாவது கேட்கலாமே, ஸார்?”

குரலைத் தாழ்த்தினார். “முப்பது வருஷ சர்வீஸ். எனக்குத் தெரியலைங்கறது அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம்ப்பா. வி.ஆர்.எஸ். லெட்டர் எழுதி வெச்சுட்டேன்.”

மஞ்சள் பையின் அடியில் அதுவும் இருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் பாடம் ஒளிபரப்புவதற்குக் குறைச்சலே இல்லை. 1984 ஆகஸ்ட் 15-ல் யு.ஜி.சி. தூர்தர்ஷனில் பாடம் நடத்த ஆரம்பித்தது. 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து என்.பி.டெல். தொடங்கின. 2004-ல் படிப்புக்கென்றே ‘எஜுசாட்’ என்று ஒரு செயற்கைக்கோளை ஏவினார்கள். 2017-ல் ‘ஸ்வயம்’ வந்தது. மாணவனுக்கு ஆகாயம் வரை ஏற்பாடு! நடுவில் சாக்பீஸோடு நிற்கிற வாத்தியாருக்கு? பயிற்சி முகாம்கள் உண்டுதான். ஆனால், முகாம் முடிந்து ஊருக்கு வந்தபின் மெஷின் மக்கர் பண்ணினால் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டாமா?

இதற்கு வழி பார்த்தவர் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் தீபக் ஃபாட்டக். ‘பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி’ என்று ஒரு திட்டம் நடத்தினார். பாடம் மும்பையிலிருந்து நேரலையில் வரும். எஞ்சினீயரிங் ஆசிரியர்கள் அவரவர் பக்கத்திலுள்ள ஒரு கல்லூரியில் கூடி உட்கார்ந்து கற்பார்கள். அங்கே கூடவே இருந்து உதவ, முன்கூட்டியே பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார்.

நம் வசதிக்கு ‘ஒரு வாத்தியார் திட்டம்’தான். மறுநாளே ஆரம்பித்தோம்.

ஒரு நாளைக்கு ஒரு பட்டன். முதல் நாள் மைக் மட்டும். மவுஸ் அவர் கையில். என் கை என் முதுகுக்குப் பின்னால். ‘தள்ளுங்க ஸார், நான் பண்றேன்’ என்று வாய் வரை வரும். சொன்னால் போச்சு. வேலை முடியும், ஸார் கற்றுக்கொள்ள மாட்டார். பிறகு ஒத்திகை: அவர் கூடத்தில் வாத்தியார், நான் அடுத்த அறையில் ஒரே மாணவன். தப்புப் பண்ணினால் பார்க்க வேறு யாரும் இல்லை. அந்தத் தைரியத்திலேயே பாதி வந்துவிட்டது.

மவுஸில் கோடு போட்டால் மட்டும் மண்புழு ஊர்ந்தது. முப்பது வருஷப் பெருமையாயிற்றே! அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து கண்ணாடித் தட்டு ஒன்றை உருவி, இரண்டு டப்பாக்கள் மேல் பாலம் மாதிரி வைத்தோம். மேலே செல்போன், கீழே வெள்ளைத்தாள். தட்டு வழியாக கேமரா பார்க்க, ஸார் பேனாவால் போட்டார் பாருங்கள் ஒரு கோடு... பழைய கரும்பலகைக் கோடு!

“தயிரை எங்கேங்க வைக்கறது?” என்றது சமையலறை.

மூன்றாவது வாரம் கூகுள் ஃபார்மில் பரீட்சை வைக்கக் கற்றுக்கொண்டார். ஒரே கேள்வி. பத்தாயிரம் ரூபாய் மெஷின். வருஷத்துக்கு 10 சதவீதத் தேய்மானம். குறைந்து செல் மதிப்பு முறையில் இரண்டாம் வருஷத் தேய்மானம் எவ்வளவு?

அன்று ராத்திரி போன் வந்தது.

“அறுபது பேர்ல நாப்பத்து மூணு பேர் தப்புப்பா.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “முப்பது வருஷமா ‘புரிஞ்சுதா?’ன்னு கேட்பேன். எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும் அடுத்த பாடத்துக்குப் போயிடுவேன். அப்ப... அத்தனை வருஷமும் இப்படித்தானா?”

நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், பக்கத்தில் டைப் செய்து கேட்டாளாம்: ‘ரெண்டாவது வருஷமும் பத்தாயிரத்துக்குத்தானே ஸார் பத்து பர்சன்ட்?’ ஸார் துள்ளிக் குதித்தார். நாற்பத்து மூன்று பேரும் எங்கே வழுக்கினார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. அடுத்த பரீட்சையில் தப்புப் போட்டவர்கள் பதினோரு பேர்தான்.

லேப்டாப் பாடம் நடத்தாது ஸார். ஆனால், தலையாட்டலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடும்.

வி.ஆர்.எஸ். லெட்டர்? அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால், கண்ணாடித் தட்டுக்குக் கீழே போய்விட்டது. ஸார் 2023-ல் முறைப்படி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். இப்போது மஞ்சள் பையோடு மற்ற வாத்தியார்கள் வீட்டுக்குப் போகிறார். ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்றுதான் ஆரம்பிப்பாராம்.

போன வாரம் என் வீட்டுக்கும் வந்தார். அந்தப் பழைய கேள்வியை என் செல்போனுக்கு அனுப்பி, “நீயும் போட்டுப் பாருப்பா” என்றார்.

பி.காம். ஆச்சே! டக்கென்று ‘1,000’ என்று தட்டினேன். சிவப்பாகக் காட்டியது. விடை 900.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அன்னிக்கு நீயும் தலையாட்டினே, இல்ல?”

தலையாட்டினேன்.