மடிக்கணனி மந்தமாகி நின்றுவிட்டால்...



மடிக்கணனி இன்று எங்கள் வீடுகளில் ஆடம்பரப் பொருளல்ல. தையல் கணக்கு, சங்கத்தின் கூட்ட அறிக்கை, பிள்ளைகளின் பாடம், பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கஷ்டத்தின் மத்தியிலும் பாவித்த கணனி ஒன்றை வாங்கிய குடும்பங்கள் பல. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பியவையும் உண்டு. அவையெல்லாம் இப்போது வயதாகி, திறக்கப் பத்து நிமிடம் எடுக்கின்றன. பாதி வேலையில் திரை அப்படியே உறைந்து நிற்கிறது.

கடைக்குக் கொண்டுபோனால், "அக்கா, இது பழைய மெசின், புதுசு எடுங்கோ" என்ற பதில் வருகிறது. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பிறகு புதியது ஒன்று இலட்சத்துக்கு மேல். நுண்கடன் தவணையால் ஏற்கனவே நொந்துபோயிருக்கும் ஒரு பெண் இதற்காக இன்னொரு கடனுக்குக் கையெழுத்து வைப்பதற்கு முன்னர், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன. வின்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணனிகளை மனதில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

முதல் வேலை: பிரதி எடுத்தல்

கணனி மந்தமாவது சில வேளைகளில் அதன் ஹார்ட் டிஸ்க் பழுதடையத் தொடங்கியிருப்பதன் அறிகுறி. எனவே எதையும் திருத்துவதற்கு முன்னர் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவ் ஒன்றிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்துவிடுங்கள். பிரதி எடுத்த பின் அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. உள்ளேயிருந்து "டிக், டிக்" என்ற சத்தம் கேட்டால் தாமதிக்கவே வேண்டாம்.

எங்களில் பலருக்கு இது வெறும் கோப்பல்ல. 2009இல் காணாமற்போன கணவரின் ஒரேயொரு படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள் என்பவற்றை ஸ்கான் செய்து கணனியில் வைத்திருந்த சகோதரி ஒருவரை நான் அறிவேன். மூலப் பிரதிகள் இடப்பெயர்விலும் வெள்ளத்திலும் போய்விட்டன. மந்தமாக இருக்கிறதென்று திருத்தக் கொடுத்தார். கடைக்காரர் "போமட்" பண்ணிக் கொடுத்தார். கணனி வேகமாகத்தான் ஓடியது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. கடைக்காரர் கெட்டவரல்ல. அவர் கேட்கவில்லை, இவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உறைந்து நிற்கும்போது

உடனே மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் என்ற பெட்டி திறக்கும். அதில் பதில் சொல்லாமல் நிற்கும் மென்பொருளைத் தெரிவு செய்து "எண்ட் டாஸ்க்" கொடுத்தால் அது மட்டும் மூடும். சேமிக்காத வேலை போய்விடும், ஆனால் கணனி மீளும். எதற்கும் அசையாவிட்டால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து வினாடி வரை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இது கடைசி வழி. தினமும் செய்தால் கோப்புகள் கெடும்.

காரணத்தைக் கண்டுபிடித்தல்

அதே டாஸ்க் மனேஜரில் சீபியூ, மெமரி, டிஸ்க் என்று மூன்று நிரல்கள் சதவீதத்தில் இருக்கும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி போல அவற்றைப் பாருங்கள். சிறிய பெட்டி மட்டும் தெரிந்தால் "மோர் டீட்டெயில்ஸ்" என்பதை அழுத்துங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால், ஒரே நேரத்தில் அதிகமானவை திறந்திருக்கின்றன. இணைய உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைப்பதே பெரும்பாலும் காரணம். தேவையில்லாதவற்றை மூடுங்கள். ஒன்றிரண்டு பக்கங்களுடனும் அப்படியே நின்றால் றாம் போதாது. பல மடிக்கணனிகளில் அதனைக் கூட்டலாம்.

ஒன்றும் செய்யாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நெடுநேரம் நின்றால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் தடை. அதனைக் கழற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் பழைய கணனியிலும் பெரிய வித்தியாசம் தெரியும். புதியது வாங்கும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

சீபியூ உயர்ந்து நின்றால், எந்த மென்பொருளின் பெயர் மேலே நிற்கிறதென்று பாருங்கள். அறிமுகமில்லாத பெயர் என்றால் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

செலவில்லாத ஐந்து வேலைகள்

1. வாரத்தில் ஒரு முறையாவது "ரீஸ்டார்ட்" கொடுங்கள். புதிய வின்டோஸ்களில் "ஷட் டவுன்" கொடுத்தாலும் ஒரு பகுதி நினைவில் வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பும். ரீஸ்டார்ட்தான் முழுமையாகத் துடைக்கும்.

2. டாஸ்க் மனேஜரில் "ஸ்டாட்டப்" என்ற பகுதிக்குச் சென்று, கணனி திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்கும் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். வைரஸ் பாதுகாப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

3. "சி" டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். நிறைந்திருந்தால் ரீசைக்கிள் பின்னை வெறுமையாக்கி, செட்டிங்கில் ஸ்டோரேஜ் என்ற பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்பதும் வரும். வட்ஸ்அப்பில் இருந்து இறக்கிய ஆவணங்கள் அதற்குள்தான் இருக்கும். அதற்குச் சரி அடையாளம் போடாதீர்கள்.

4. தொடர்பகத்தில் அச்செடுக்கக் கொண்டுபோய் வந்த பென்டிரைவை, திறப்பதற்கு முன் வின்டோஸ் செக்கியூரிட்டியால் சோதியுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்று போதும். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதிக் கணனியை இழுக்கும். "உங்கள் கணனியை வேகமாக்குகிறோம்" என்று இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்பி எதையும் இறக்காதீர்கள்.

5. மெத்தையிலும் மடியில் துணிக்கு மேலும் வைத்துப் பாவிக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறினால் கணனி தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி உள்விசிறியில் படிந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது துப்புரவாக்குவது நல்லது. அடிப்பக்கம் வீங்கினாலோ விசைப்பலகை மேலெழும்பினாலோ பற்றரி பழுது. சார்ஜ் போடாமல் உடனே நிறுத்துங்கள், அது தீப்பற்றக்கூடியது.

இன்னொரு விடயம். வின்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் கணனி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் முன்போல வராது என்பதே விடயம். இதைக் காரணம் காட்டி உடனே புதியது வாங்கச் சொன்னால் பயப்படாதீர்கள். ஆனால் வங்கிக் கணக்கு போன்றவற்றை அதில் திறப்பதில் கவனம் தேவை.

கடைக்குப் போகும்போது

- பிரதி எடுத்த பிறகு, குடும்பப் படங்களையும் அந்தரங்கமானவற்றையும் கணனியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். உலாவியில் முகநூல், மின்னஞ்சல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள்.
- "என்னைக் கேட்காமல் போமட் பண்ண வேண்டாம்" என்று வாயால் சொல்வதோடு பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள்.
- செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் கோப்புகள் இன்னும் இருக்கும்.
- கடவுச்சொல் கொடுக்க நேர்ந்தால், கணனி திரும்பி வந்தவுடன் மாற்றுங்கள்.

கிராமங்களில் வேலை செய்யும்போது நான் அதிகம் கேட்கும் வசனம், "எனக்கு இதுகள் விளங்காது, தம்பிதான் பார்ப்பான்" என்பதுதான். தையல் மெசினின் நூல் அறுந்தால் ஊசியா, நூலா, இழுவிசையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிப்பவர்கள் நாங்கள். நீர் இறைக்கும் மோட்டரைக் கழற்றிப் பூட்டும் பெண்களையும் கண்டிருக்கிறேன். கணனிக்கும் அதே முறைதான். ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்தது. பல பெண்கள் தனியாகவே குடும்பத்தைச் சுமக்கும் எங்கள் பகுதிகளில், எவரையும் காத்திராமல் இதைச் செய்யத் தெரிந்திருப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும், எங்கள் அந்தரங்கத்தையும் காக்கும்.

உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கணனி வைத்திருப்பவர்கள் அதனைக் கொண்டு வாருங்கள். சங்கத்துக்கென ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் ஒருவருக்குப் பெரிய சுமையாக இராது. ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் ஓர் உறையில் முக்கிய ஆவணங்களைப் பிரதி எடுத்து, கடவுச்சொல்லிட்டு வைக்கலாம். இந்தக் கிழமை ஒரேயொரு வேலை மட்டும் செய்ய நேரம் இருந்தால், பிரதி எடுப்பதையே செய்யுங்கள்.