நான்கு நாள் ஓட்டமும் ஆறு நாள் விடுமுறையும்

சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தோம். மார்கழிப் பனி மலையடிவாரம் முழுவதும் இறங்கியிருந்தது. போடி செல்லும் சாலையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்க, அவள் பின்னே ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக ஊர்ந்து வந்தது. என்னுடன் வந்த பெரியவர் பதறிவிட்டார். "யாரோ ஒரு புள்ளையைத் துரத்துகிறான் பாருங்கள்" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலையை நோக்கி விரைந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "ஓடுவது என் மகள். பின்னால் வருவது என் மருமகன். விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள்" என்றேன்.

"விடுமுறைக்கு வந்தவர்கள் ஏன் ஓட வேண்டும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் அன்று இரவு என் மருமகனும் கேட்டார். ஆனால் இத்தனை மென்மையாக அல்ல.

அவர்கள் இருவரின் அனுமதியுடனேயே இதனை எழுதுகிறேன். மகளுக்கு வயது முப்பத்தெட்டு. சென்னையில் குடியிருக்கிறார்கள். இரண்டாவது பிரசவத்திற்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியபோது நடைப்பயிற்சியை ஆரம்பித்தாள், நடை ஓட்டமாயிற்று. மருமகன் சுழற்சி முறையில் வேலை பார்ப்பவர். இரண்டாண்டுகளில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த முதல் விடுமுறை அது. ஆறே நாட்கள். 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கு ரயில் வருகிறதல்லவா, அதில் பிள்ளைகளுடன் வந்து இறங்கினார்கள். சுருளி அருவி, மேகமலை, மாமியார் கைச் சமையல், நீண்ட உறக்கம் என்று மருமகன் மனத்தில் ஒரு திட்டம். மகள் மனத்தில் வேறொன்று. அது ரயில் திண்டுக்கல்லைத் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம்!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனத்தின் உல்லாச நகரம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் ஜனவரியில் மாரத்தான் ஓட்டம் நடைபெறுகிறது. 2014ஆம் ஆண்டு முதல் அதனுடன் 'டோப்பி சேலஞ்ச்' என்றொரு போட்டியையும் சேர்த்திருக்கிறார்கள். வியாழக்கிழமை 5 கிலோமீட்டர், வெள்ளிக்கிழமை 10 கிலோமீட்டர், சனிக்கிழமை அரை மாரத்தான், ஞாயிற்றுக்கிழமை 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான். நான்கு நாளில் மொத்தம் 78 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்பவரைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். குடும்பத்தோடு உல்லாசமாய் இருக்க வந்தவர்கள் நான்கு நாளும் நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்திலேயே எழுந்து, விடியுமுன் ஓடி, பகலெல்லாம் பிள்ளைகளோடு சுற்றி, மாலை மயங்குமுன் படுக்க வேண்டும். 2017இல் மின்னல் அச்சத்தால் அரை மாரத்தானை ரத்துச் செய்தபோது, சிலர் விட்டுக்கொடுக்க மனமின்றித் தங்கியிருந்த விடுதியைச் சுற்றிச் சுற்றியே அந்தத் தூரத்தை ஓடி முடித்தார்களாம். இத்தகைய ஓட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்ன பாடுபட்டிருப்பாரோ!

புளோரிடா செல்ல நம்மால் இயலுமா? எனவே அதே கணக்கைத் தேவாரத்தில் ஓடிப் பார்ப்பது என்று மகள் முடிவு செய்திருந்தாள். பதிவுக் கட்டணம் இல்லை, பதக்கமும் இல்லை.

முதலில் அவள் சொன்ன பாதைகளைக் கேட்டு எனக்குத் திகைப்பு ஏற்பட்டது. மூன்றாம் நாள் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறுவதாம்; நான்காம் நாள் போடிமெட்டுச் சாலையாம். குரங்கணி என்ற பெயரைக் கேட்டதும் என் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். 2018 மார்ச் 11ஆம் நாளை இந்தப் பக்கத்து மக்கள் எவரும் மறக்கவில்லை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ வளைத்துக்கொண்டது. உயிரிழந்தோர் 23 பேர். அவர்களுள் புதுமணத் தம்பதியரும் இருந்தனர். அன்று இரவு போடி மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். இன்று அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' ஏற்பாட்டில், 2024 அக்டோபருக்குப் பின், குரங்கணி–சாம்பலாறு பாதையில் வழிகாட்டியுடன் செல்ல இடமுண்டு. அதுவும் நடப்பதற்கே; ஓடுவதற்கன்று. போடிமெட்டுச் சாலையிலோ 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் வேகம் ஊரறிந்தது. இரண்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன். தேவாரத்தின் மலையடிவாரத் தோட்டப் பாதைகளும் இருட்டில் வேண்டாம், யானை இறங்கும் இடம் என்றேன். மகள் சற்று முகம் வாடினாலும் ஏற்றுக்கொண்டாள். ராசிங்காபுரம், சிலமலை வழியாகப் போடி செல்லும் சமவெளிச் சாலை என்று முடிவாயிற்று.

முதல் நாள் 5 கிலோமீட்டர், பள்ளிவாசலில் நாங்கள் கண்டதுதான். இரண்டாம் நாள் பத்து. அன்று சாலையோரம் ஜீப்புக்காகக் காத்திருந்த ஏலத்தோட்டப் பெண்கள் அவளை நிறுத்தி, "ஓடினால் என்ன கூலிம்மா தருவாங்க?" என்று கேட்டார்களாம். ஒன்றும் இல்லை என்றதும் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் எங்களோடு மேலே வா, காய் எடுக்கலாம்" என்றார்களாம். ஜீப்புகள் பெருகுவதற்கு முன், இங்கிருந்து சாக்கலூத்துமெட்டு வழியே கால்நடையாகவே மலையேறிய தலைமுறை அவர்களுடைய தாய்மார். மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை.

அன்று இரவு உணவுக்குப் பின் குரல் உயர்ந்தது. "விடுமுறைக்கு வந்தோமா, பந்தயத்துக்கு வந்தோமா? ஒன்பது மணிக்கு நீ தூங்கிவிடுகிறாய். பகலில் கால் வலி என்கிறாய். நான் யாரோடு விடுமுறையைக் கழிப்பது?" என்றார் மருமகன். "மூன்று மாதமாகத் தயாராகிறேன் மச்சான். நாலு நாள் பொறுக்க முடியாதா?" என்றாள் மகள். "மூன்று மாதம் தயாரானவள் மூன்று மாதமும் என்னிடம் சொல்லவில்லையே!" என்றார் அவர். அதற்கு அவளிடம் பதில் இல்லை. சொன்னால் வேண்டாம் என்பாரோ என்ற அச்சம் என்று பிறகு தாயிடம் கூறியிருக்கிறாள்.

மருமகனுக்கு நான் பரிந்து பேச வாயெடுத்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள். "மாப்பிள்ளை, உங்க மாமு ஏலக்காய் வியாபாரத்தில் இருந்தவர். இருபது வருஷம் ஏல நாள் என்றால் போடி, மறுநாள் சரக்குப் பார்க்க வண்டன்மேடு. பெருநாளுக்கு மறுநாள்கூட வீட்டில் இருந்ததில்லை. யாரோடு விடுமுறையைக் கழிப்பது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அது நல்லதுதான்" என்றாள். மருமகனுக்குச் சொன்ன சொல் என்மேல் வந்து விழுந்தது. நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன்.

திண்ணையில் அமர்ந்திருந்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் பலமுறை கேட்டதுதான், அபூதாவூதிலும் இடம்பெற்றுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் பயணம் ஒன்றில் இருந்தபோது இருவரும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள், அன்னையார் முந்தினார்கள். காலம் கடந்து, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்த பின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, அன்றைய ஓட்டத்திற்கு இது ஈடாயிற்று என்றார்கள். உடன் வந்த மக்களை முன்னே செல்லுமாறு அனுப்பிவிட்டே பந்தயத்திற்கு அழைத்தார்கள் என்றும் அறிவிப்பில் வருகிறது. மனைவி ஓடலாமா கூடாதா என்று நம்மில் சிலர் வாதிடும்போது இந்தச் செய்தியை எடுத்துக்காட்டுவார்கள். தளர்ந்த உடையும் முக்காடும் அணிந்து கணவர் துணையோடு ஓடிய என் மகளைப் பற்றி ஊரில் எழுந்த ஓரிரு முணுமுணுப்புக்கும் அதுவே போதும். ஆனால் அன்று எனக்குப் பட்டது வேறு. பயணத்திலே, கூட்டத்தை முன்னே அனுப்பிவிட்டு, அந்தச் சிறு பொழுதை இருவருக்குமாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஓடியவர் இருவர். ஒருவர் ஓட, மற்றவர் மோட்டார் சைக்கிளில் கொட்டாவி விட்டுக்கொண்டு பின்தொடரவில்லை.

இரவில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. காலையில் மருமகன் கைப்பேசியுடன் என்னிடம் வந்தார். "மாமு, ஆல்ப்ஸ் மலையில் 2005 முதல் ஓர் ஓட்டம் நடத்துகிறார்கள். ஒரு வாரம் மலை கடக்க வேண்டும். இருவர் இருவராக அணி சேர்ந்து ஓடலாம். கணவன் மனைவியர் நிறையப் பேர் ஓடுகிறார்கள். சோதனைச் சாவடியில் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்திற்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாதாம்" என்றார். எனக்கு அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று. வேகமானவர் காத்திருந்தே ஆக வேண்டும். மெதுவானவர் தம்மால் இயன்றதைச் செய்தே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் 21 கிலோமீட்டரை அவள் இரண்டேமுக்கால் மணி நேரத்தில் முடித்தாள். அதில் சொல்வதற்கு அதிகமில்லை. அன்று மாலைதான் உடல் கணக்குக் கேட்கத் தொடங்கியது. தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் வலி ஓடிய அன்றே முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு நாள் கழித்து ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டும். பல நாள் ஓட்டத்தின் சூட்சுமம் இதுதான். முதல் நாளின் கடனை மூன்றாம் நாளும், மூன்றாம் நாளின் கடனை விடுமுறை முடிந்த பின்னரும் கட்டவேண்டியிருக்கும். கரைந்த மாவுச்சத்தை உடல் மீண்டும் சேமிக்க ஒரு நாளாவது பிடிக்கும் என்பதால், என் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப் பாலுமாக அவளை உண்ணவைத்தாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா என்று அவள் கேட்டபோது, குடும்ப மருத்துவர் தொலைபேசியிலேயே கண்டித்தார். நீர் வற்றிய உடலில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து மயக்கம் வரும், உயிருக்கே கேடாகவும் கூடும். உப்பிட்ட மோரும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினோம்.

நான்காம் நாள் முழு மாரத்தான். போடி எல்லையைத் தொட்டுத் திரும்பி, தேவாரத்தைக் கடந்து பண்ணைப்புரம் வரை சென்று மீள்வதாகத் திட்டம். வண்டியை என் தம்பி மகன் ஓட்டிச் சென்றான். ஏனெனில் மருமகன் திரும்பும் வழியில் ராசிங்காபுரத்திலிருந்து தாமும் ஓடப்போவதாக அறிவித்திருந்தார். பள்ளிப் பருவத்திற்குப் பின் அவர் பேருந்தைப் பிடிக்க மட்டுமே ஓடியிருக்கிறார். ஓடினார், நடந்தார், மீண்டும் ஓடினார். அவருக்காக மகள் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். பத்து மணிக்கு மேல் இருவரும் எங்கள் தெருவில் தலைகாட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் மருமகனின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. திண்ணையைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். இன்னும் 7 கிலோமீட்டர் பாக்கி.

மகள் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டேன் என்று அவளும் அமர்ந்துவிடுவாள் என்றே நான் எண்ணினேன்; உள்ளூர அதை விரும்பவும் செய்தேன். மருமகன்தான், "நீ போ. நான் வண்டியில் வந்துவிடுகிறேன்" என்றார். "இரண்டு நிமிடத்துக்குள் வரவேண்டும்" என்று சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள். பத்து நிமிடம் காலை நீவிவிட்டுக்கொண்டு அவர் வண்டியின் பின்னிருக்கையில் ஏறிப் போனார். மீதித் தூரத்தைப் பெரும்பாலும் அவள் நடந்தே முடித்தாள். பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் வந்து நின்றபோது மொத்தம் ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாயிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், நான்கு நாள் ஓட்டத்தை ஆறு நாள் விடுமுறையில் வைத்தது தவறுதான். ஐந்தாம் நாள் சுருளிக்குப் போனபோது அவளால் படியிறங்க முடியவில்லை. அருவியை மேலிருந்தே பார்த்துவிட்டு வந்தார்கள். மேகமலைக்கு நேரமே இல்லை. பிள்ளைகளுக்கு அந்தக் குறை இன்னும் இருக்கிறது. பயணச் சீட்டு எடுக்குமுன் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருப்பேன் என்று மருமகன் ரயில் நிலையத்தில் மறுபடியும் சொன்னார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். மே மாத விடுமுறையை எப்படிக் கழிப்பது என்பதை இம்முறை அவர்தான் தீர்மானிப்பாராம். நாள் முழுவதும் உறங்குவது என்றாலும் அவள் உடன்பட வேண்டும் என்று பிள்ளைகள் முன்னிலையில் ஒப்பந்தம்.

அவர்கள் சென்ற மறுநாள், சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது என் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றாள். ராசிங்காபுரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாமா என்றாள். நாற்பத்தொரு ஆண்டுகளாக அவளுக்குப் பத்தடி முன்னே நடந்தே பழகியவன் நான். இப்போதோ என் முழங்கால் முன்போல் இல்லை. பாலம் வரை போவதற்குள் அவள் முன்னே போய்விட்டாள். திரும்பிப் பார்த்து நின்றாள்.