கைகள் பெருகினால் போதுமா?



கணினித்துறை மாணவர்களின் விடுதி அறைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "கம்பைல் ஆகட்டும், அதற்குள் மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம்." இறுதியாண்டுத் திட்டப்பணியில் எங்கள் நால்வர் குழுவும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய எங்கள் மென்பொருளை முழுமையாகத் தொகுக்க 12 நிமிடம் பிடித்தது. "பழைய மடிக்கணினி, வேறென்ன செய்வது? பிடிபிடிஎன் பணம் வந்ததும் புதிது வாங்கிவிட வேண்டும்" என்று முடிவு கட்டினோம்.

அந்த முடிவு தவறானது. கடன் வாங்கிய காசில் புதுக் கணினி தேடும் முன், கையில் இருக்கும் கணினியை முழுமையாக வேலை வாங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

எங்கள் பழைய கணினியில் 4 கோர்கள் இருந்தன. நாங்கள் பயன்படுத்தியதோ 'மேக்' என்னும் கருவி. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது அது. அதன் குனு வடிவம், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்யும். அதாவது ஒரு கோர் உழைக்க, மூன்று கோர்கள் கைகட்டி நின்றன! கட்டளையோடு 'ஜே' என்ற தெரிவையும் 4 என்ற எண்ணையும் சேர்த்தால் நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கும். எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள். எண் இல்லாவிட்டால் வரம்பின்றி வேலைகளைத் தொடங்கி, நினைவகம் நிரம்பிக் கணினியே உறைந்துபோகக்கூடும்.

ஆவலோடு முயன்றோம். பாதி வழியில் பிழை வந்தது. மறுமுறை ஓட்டினால் சரியாக முடிந்தது. அதற்கடுத்த முறை மீண்டும் பிழை. "இந்த வம்பே வேண்டாம், பழையபடியே ஓட்டு" என்றார் நண்பர் ஒருவர்.

அப்போது எனக்கு என் தமிழ்ப்பள்ளியின் கோத்தோங் ரோயோங் நினைவுக்கு வந்தது. ஓர் ஆண்டு பத்துப் பேர்தான் வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து சுவரின் பாசியைத் தேய்த்தோம், பிறகு சாயம் அடித்தோம். மறு ஆண்டு அறுபது பேர் வந்தார்கள். ஒரு குழு தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குழு பாசியின் மேல் சாயம் அடித்துவிட்டது. "தேய்த்த பிறகுதான் சாயம்" என்று யாரும் சொல்லவில்லை. ஆள் குறைவாக இருந்தபோது அது தற்செயலாகச் சரியாக நடந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பிழையும் இதுவே. ஒரு தலைப்புக் கோப்பை வேறொரு நிரல் உருவாக்கித் தர வேண்டும். அதை நம்பியிருந்த கோப்புகள், "அது வரும்வரை காத்திரு" என்று மேக்ஃபைலில் குறிக்கப்படவில்லை. வரிசையாக ஓடியபோது மறைந்திருந்த குறை, ஒன்றாக ஓடியபோது வெளிப்பட்டது. ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம், பிழை தீர்ந்தது. இத்தகைய குறைகளைத் தேடிப் பிடிப்பதற்காகவே, 2022-இல் வெளிவந்த குனு மேக் 4.4, வேலைகளின் வரிசையைக் கலைத்துப் பார்க்கும் 'ஷஃபிள்' தெரிவைத் தருகிறது.

இங்கே இன்னோர் உண்மையையும் உணர வேண்டும். எங்கள் 12 நிமிடத்தில், தொடக்கத்தில் அந்தக் கோப்பை உருவாக்குவதும் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பதும் 2 நிமிடம். அவற்றைப் பகிர்ந்து செய்ய முடியாது. மீதி 10 நிமிடத்தை நான்காகப் பகிர்ந்தால் இரண்டரை நிமிடம். ஆக மொத்தம் நான்கரை நிமிடம். எங்களுக்கு ஏறக்குறைய 5 நிமிடம் ஆனது. நூறு கோர்கள் உள்ள கணினியை வாங்கினாலும் 2 நிமிடத்திற்குக் கீழே இறங்காது. 1967-இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டிய வரம்பு இதுதான். விலை உயர்ந்த கணினி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அதன் பிறகு 'சிகேஷ்' என்ற இலவசக் கருவியையும் சேர்த்தோம். மாற்றமில்லாத கோப்பை அது மறுபடியும் தொகுக்காமல், முன்பு சேமித்து வைத்த விளைவையே எடுத்துத் தரும். புதுக் கணினி வாங்கும் பேச்சு அதோடு நின்றது. அந்தப் பணம் என் தம்பியின் பதிவுக் கட்டணத்திற்கு உதவியது.

காத்திருப்பது சிறு விஷயம்தானே, எதற்கு இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம். நாளுக்குப் பத்து முறை தொகுத்தால், ஒவ்வொரு முறையும் மிஞ்சும் 7 நிமிடம் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகிறது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எது எதைச் சார்ந்திருக்கிறது என்று எழுதத் தெரியாதவனுக்குத் தன் மென்பொருளே முழுதாகப் புரியவில்லை என்றுதான் பொருள்.

எனவே இளைய நண்பர்களே, அடுத்த முறை கடைக்குக் கிளம்பும் முன் மேக்ஃபைலை ஒருமுறை திறந்து பாருங்கள். யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை முதலில் உண்மையாக எழுதுங்கள். கைகளைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.