நொண்டிக் கட்டை

ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரி வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் மதிற்சுவருக்கு வெளியே வளரும் நமது மாணாக்கர்களில் பலர், ஒரு கட்டை கடைசலில் உருமாறுவதைக் கண்ணால் கண்டதில்லை. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசலில் பிறந்தவை என்பதும் அவர்களுக்குப் புதுச் செய்தி. கூம்பு என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம், அடியில் ஒரு நசுங்கிய வட்டம், அவ்வளவே. இக்குறையைத் தீர்க்க எண்ணி, கட்டில் கால் கடையும் பெரியவர் ஒருவரை நாடினோம்.

நாம் கேட்ட உருவத்துக்கு ஸ்பெரிக்கான் என்று பெயர். 1969-ல் காலின் ராபர்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் தச்சர் கண்டுபிடித்துப் பெயரிட்டார். அதை அறியாமலே டேவிட் ஹிர்ஷ் என்பவரும் கண்டு, 1980-ல் இஸ்ரேலில் காப்புரிமை பெற்றார். பண்டிதர்களுக்கு முன்பே ஒரு தச்சர் கையில் அகப்பட்டது என்பதில் நமக்குத் தனிச் சந்தோஷம்.

இரு கூம்புகளை அடியோடு அடி சேர்த்தாற்போல் ஒரு கட்டையைக் கடைய வேண்டும். நீளமும் நடு விட்டமும் சமம். முனைக்கு முனை பிளந்தால் வெட்டுமுகம் சரிச்சதுரம். ஒரு பாதியைக் கால் சுற்றுத் திருப்பி ஒட்டினால் தீர்ந்தது.

தீர்ந்தது என்றா சொன்னோம்? பெரியவர் முதல் உருப்படியை ரம்பத்தால் அறுத்தார். ரம்பம் தின்றது அரை நூல்தான். ஆனால் முனைகள் மழுங்கின, விளிம்புகள் ஒன்றோடொன்று படியவில்லை. மேஜைமேல் விட்டதும் நொண்டிற்று.

"கட்டில் காலென்றால் யாருக்கும் தெரியாது, வாத்தியாரே!" என்று சிரித்தார்.

மறுநாள் அவரே வழி கண்டார். இரு சட்டங்களின் நடுவே பழுப்புக் காகிதம் வைத்துப் பசையிட்டு ஒட்டினார். நன்கு காய்ந்தபின், காகிதக் கோடு நட்டநடுவில் வரும்படி பொருத்திக் கடைந்தார். பிறகு அக்கோட்டில் உளியை வைத்து ஒரு தட்டு! காகிதம் இரண்டாய் உரிந்தது. மரத்தில் ஓர் இழைகூட நஷ்டமில்லை.

வகுப்பில் அது இடமும் வலமும் அசைந்தசைந்து, ஆனால் ஒரே திக்கில், மேற்பரப்பு முழுவதும் மேஜையைத் தொட உருண்டது. அதே விட்டமுள்ள பந்தின் கன அளவில் இதற்குச் சரிபாதி என்றதும் பையன்கள் நம்பவில்லை. கணக்குப் போட்டபின் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு சிறுமி மட்டும் பழைய நொண்டியைக் கையிலெடுத்து, "இது ஏன் ஸார் உருளவில்லை?" என்றாள். அன்றைய பாக்கி நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது.